கர்னல் கிராட்ஸின் மெடல் பட்டை

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா. சாயங்காலம் எங்க படையோட கூட்டம். என் மானம் உங்க வாயிலதான் இருக்கு."

டோனி கிராட்ஸ் மேஜைமேல் வைத்த மெடல் பட்டையை ஹென்னிங் உடனே தொடவில்லை. முதலில் ஆளைப் பார்த்தார். அறுபது வயது, நன்றாகச் சாப்பிட்ட உடம்பு, நெற்றியெல்லாம் வியர்வை. தோளில் துணி உறை போட்ட துப்பாக்கி. பக்கத்தில் இன்னொருவர், கையைக் கட்டிக்கொண்டு, கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றார்.

ஜெர்மனியில், கோப்ளென்ஸ் ஊர் ராணுவப் பழம்பொருள் சந்தையில் ஹென்னிங் வந்து உட்கார்ந்தாலே பாதிப் பேர் கொண்டுவந்ததைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். ஹானோவரிலிருந்து ரயிலேறி வருவார். அசலா போலியா என்று காட்டும் புற ஊதா விளக்கை ஏற்றுவார். ஊர்ப்பட்ட பரம்பரைப் பெருமைகளைப் போலி, போலி என்று தள்ளிவிட்டு, ரயிலேறிப் போய்விடுவார். அவர்தான் என்ன செய்வார் பாவம், போலி அவ்வளவு மலிந்து கிடக்கிறது.

"யாரோட பட்டை?"

"கொள்ளுத்தாத்தாவோடது. எங்க படையை ஆரம்பிச்சவரே அவர்தான். அவர் கர்னல், தாத்தா கர்னல், அப்பா கர்னல், இப்ப நான். இதைக் குத்திக்கிட்டுத்தான் ஊர்வலத்துல முன்னாடி போவோம். இதோ நிக்கிறானே மாத்தெஸ், கசாப்புக் கடைக்காரன், இவன்தான் எனக்கு அடுத்த பதவி. இந்தப் பட்டை நாங்க சொல்ற மாதிரி இல்லேன்னு படை முழுக்கக் கிளப்பி விட்டுட்டான்."

"நாலு தலைமுறையா ஊரை ஏமாத்துறீங்கன்னு சொன்னேன், இப்பவும் சொல்றேன்," என்றார் மாத்தெஸ். "அது நிஜம்னு தெரிஞ்சா இவன் தொப்பியைக் கழட்டணும். கர்னல் பதவி எனக்கு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுத்தான் உங்ககிட்ட வந்திருக்கோம்."

ஹென்னிங்குக்கு மாத்தெஸைப் பிடிக்கவில்லை. முன்னாள் ராணுவத்தார் சங்கம் எங்கே இருந்தாலும் இப்படி ஒரு மாத்தெஸ் இருக்கத்தான் செய்கிறான். ஒரு தடவையாவது, இந்த அப்பாவி மனிதருக்காவது, நல்ல வார்த்தை சொல்லக் கிடைக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

பட்டையைத் திருப்பினார். ஒரே துணிப்பட்டையில் மூன்று மெடல்கள் வரிசையாகத் தைத்திருந்தன. ஊதா விளக்கைப் போட்டார்.

"புது நூலா இருந்தா வெள்ளை வெளேர்னு மின்னும். பாருங்க, செத்த மாதிரி கிடக்கு. பழைய பருத்தி நூல். நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்."

கிராட்ஸின் முகம் வெளுத்தது. "துவைச்சிருந்தா மின்னுமாய்யா?"

"சோப்புத்தூள் பட்டா பழசுகூட மின்னும். நல்லவேளை, நீங்க துவைக்கலை."

"இது முன்னாடியே தெரியாமப் போச்சே," என்று கிராட்ஸ் முணுமுணுத்தார். தப்பித்த நிம்மதியில் உளறுகிறார் என்று ஹென்னிங் எடுத்துக்கொண்டார்.

முதலில் இருந்த இரும்புச் சிலுவை மெடலுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனார். டக்கென்று ஒட்டியது.

"நடுவுல இரும்பு, சுத்தி வெள்ளி. போலி பண்றவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்."

"அவசரப்படாதீங்கய்யா. இன்னொரு தடவை பாருங்க. ஒண்ணாவது சந்தேகம் வராம இருக்குமா?"

"என்மேல நம்பிக்கை வைங்க கர்னல். பூச்சி அரிச்ச ஓட்டையைப் பாருங்க, மேல ரிப்பன்ல ஆரம்பிச்சு உள் துணி வரைக்கும் ஒரே ஓட்டை. புதுத் துணியையும் பழைய ரிப்பனையும் சேத்துத் தைச்சா இப்படி வராது. அந்தப் பூச்சி உங்க குடும்பத்துக்கு எவ்வளவு உபகாரம் பண்ணியிருக்கு தெரியுமா?"

"அதோட தலையில இடி விழ," என்றார் கிராட்ஸ். கண்ணில் நீர் முட்டியது.

அடுத்த மேஜைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஹென்னிங் எழுந்து நின்றே சொன்னார்.

"மூணும் அசல். தையல் அசல், ரிப்பன் அசல். கடைசியில இருக்கிறது போர்முனையில காட்டின துணிச்சலுக்காக ஹெஸ்ஸே சமஸ்தானத்துல குடுத்த மெடல், அதைச் சும்மா யாருக்கும் குடுத்துட மாட்டாங்க. உங்க கொள்ளுத்தாத்தா குண்டு மழையில நின்னு சண்டை போட்டவர். அழாதீங்க கர்னல், தலை நிமிந்து போங்க."

கிராட்ஸ் தொப்பென்று நாற்காலியில் சரிந்தார். மாத்தெஸோ மேஜையைச் சுற்றி ஓடிவந்து ஹென்னிங்கின் வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் வைத்தார்.

"யோவ், உமக்குக் காது கேக்கலையா?" ஹென்னிங் தலையைத் துடைத்துக்கொண்டார். "இது அசல்யா. நீர் தோத்துட்டீர்."

கிராட்ஸ் மெதுவாகத் தோளிலிருந்த துப்பாக்கியை இறக்கி, உறையை உருவினார். மரத் துப்பாக்கி. குழாய் முனையில் காகிதப் பூச்செண்டு. அதை அப்படியே மாத்தெஸ் கையில் ஒப்படைத்துவிட்டு, ஹென்னிங்கைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எங்களோடது கார்னிவல் திருவிழாவுக்குத் தெருவுல கூத்தடிக்கிற கோமாளிப் படைய்யா. பட்டாளத்துக்காரனைக் கிண்டல் பண்றதுக்குன்னே ஆரம்பிச்சது, நிஜமா மெடல் வாங்கினவன் வாசப்படியே மிதிக்கக் கூடாது. இந்த மெடலையெல்லாம் பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டித் தானே செஞ்சதாச் சொல்லித்தான் கொள்ளுத்தாத்தா கர்னல் ஆனாரு. பாவி மனுஷன், நிஜமாவே வீரனா இருந்து தொலைச்சிருக்காரே."