பெரியவர் தராத சாவி

சாவியைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் சிங்காரம் விரல்களை மூடிக்கொண்டார்.

"ஐயா, அவர்கிட்ட கொடுங்க" என்று குனிந்து முணுமுணுத்தான் மணிகண்டன். மரக்காணத்தில் அன்று திறக்கிற புது ஷோரூமுக்கு அவன்தான் மேனேஜர்.

"கொடுக்க மாட்டேன்ப்பா."

மைக் பக்கத்திலேயே இருந்தது. ரோடு வரைக்கும் கேட்டது.

ஆரோக்கியராஜ் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றான். உப்பளத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகிறவன். ஓட்டிக்கொண்டிருந்த பழைய வேனை விற்றுவிட்டுத்தான் இந்தப் புது மாடலுக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்திருந்தான். வாசலில் மாலை போட்டு நின்ற வேனுக்குள் அவன் மனைவி சகாயசெல்வியும், கூட உப்பு வாருகிற பெண்களும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது.

"ஐயா, நான் எதாச்சும் தப்பா நடந்துக்கிட்டேனா?"

"உன் மேல ஒண்ணும் இல்லப்பா. கொஞ்சம் பொறு."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் சலசலத்தது. சிங்காரத்தைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது. உப்பளக் கூலியின் மகன். உப்பு ஏற்றினால் வண்டி துருப்பிடித்துப் போகும் என்று லாரிக்காரர்கள் வர மறுத்த காலத்தில், ஒரு பழைய இன்ஜினை வைத்துத் தானே மூணு சக்கர வண்டி கட்டியவர். அதிலிருந்து வளர்ந்ததுதான் கழுவெளி மோட்டார்ஸ். இப்போது அவருடைய வண்டி ஓடாத ரோடு இல்லை. சேர்மன் நாற்காலியை மட்டும் போன வருஷம் மகன் சித்தார்த்தனிடம் கொடுத்திருந்தார்.

"பையன் பேர் வாங்குறது பெரியவருக்குப் பொறுக்கல" என்றார் ஒருவர்.

"நாற்காலியை விட்டாலும் மனசு விடலையே" என்றார் இன்னொருவர்.

மணிகண்டனுக்கும் அப்படித்தான் தோன்றியது. டிவிக்காரர்கள் கேமராவை இறக்கவே இல்லை. ராகு காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கடிகாரத்தையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தான்.

சித்தார்த்தன் சிரித்த முகத்தோடு மைக்கை வாங்கினான். "அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. அஞ்சு நிமிஷம் டைம் கொடுங்க."

அப்பாவை அழைத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்குள் நுழைந்ததும் அந்தச் சிரிப்பு காணாமல் போனது. மணிகண்டன் வெளியே நழுவப் பார்த்தான்.

"நீயும் இருப்பா" என்றார் பெரியவர்.

"என்னை அசிங்கப்படுத்தணும்னே வந்தீங்களா?" என்றான் சித்தார்த்தன். "பேசாம வீட்டுலயே இருந்திருக்கலாம்."

"காலையிலேர்ந்து உனக்கு எத்தனை போன் அடிச்சேன். எடுத்தியா?"

"ஃபங்ஷன் வேலையில இருந்தேன். இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"இந்த வேன் நல்லா இருக்கா?"

"எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆனதுதான்."

"டெஸ்ட்டைக் கேக்கல. வேன்ல ஒரு குறையும் இல்லையே?"

"இல்லப்பா. எத்தனை தடவை சொல்றது?"

மணிகண்டன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "நானும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன் ஐயா. நல்லாத்தான் போகுது."

கதவைத் தட்டிவிட்டு ஆரோக்கியராஜ் எட்டிப் பார்த்தான். முகம் வியர்த்திருந்தது.

"சார், வெளியில ஒவ்வொருத்தரும் ஒண்ணு பேசுறாங்க. எங்க வீட்டுல அழுவுறா. வண்டி உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க."

"உண்டுங்க. இப்ப வந்துடுது" என்று அவனை அனுப்பிக் கதவைச் சாத்தினான் மணிகண்டன். அவனுக்குப் பெரியவர் மேல் கோபமாகவே வந்தது. இல்லாதப்பட்ட ஒருத்தனை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துவிட்டு என்ன பிடிவாதம் இது?

"போதும்" என்றான் சித்தார்த்தன். "மணிகண்டன், ஸ்பேர் சாவியை எடுத்துட்டுப் போய் அவர்கிட்ட கொடுங்க. நான் சொல்றேன்."

மணிகண்டன் டிராயரைத் திறந்து சாவியை எடுத்தான். பெரியவர் தடுக்கவில்லை. எழுந்து மகனுக்கு எதிரே போய் நின்றார்.

"கொண்டு போய்க் கொடுப்பா. அதுக்கு முன்னாடி இவன் எனக்கு ஒரு பதில் சொல்லட்டும்."

"என்ன பதில்?"

"இதே மாடல் வேன் நம்ம வீட்டு வாசல்ல நிக்குது. காலையில உன் பொண்ணு ஆசையா அதுல ஏறி உட்கார்ந்தாளாம். 'பிரேக் கோளாறு இன்னும் சரியாகல, நீ இதுல வராதே'ன்னு அவளைக் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டது யாருடா?"

சித்தார்த்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மணிகண்டன் சாவியை மேஜைமேல் போட்டுவிட்டு, வேனில் இருந்த பெண்களை இறக்கிவிட வாசலுக்கு ஓடினான்.