ஒன்பதாம் நாள் வந்த லாரி

லாரி வந்துவிட்டது.

அவள் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் தெரிந்தது சோபாவின் கால்கள்.

இரண்டு நாளில் வந்திருக்க வேண்டும். தருமபுரிக்கு முன்னால் எஞ்சின் படுத்துவிட்டது. பட்டறையிலேயே ஒரு வாரம்.

கணவருக்கு ஓசூருக்கு மாற்றல். இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு அவர்கள் கையோடு கொண்டுவந்தது ஒரு பாய், ஒற்றை அடுப்பு, ஒரு குக்கர், இரண்டு தட்டு, ஆளுக்கு நாலு துணி.

முதல் நாள் அழுதாள்.

இரண்டாம் நாள் டிரைவரைப் போனில் திட்டினாள்.

மூன்றாம் நாள் காலை எட்டரைக்கே வேலை முடிந்துவிட்டது. துடைக்க எதுவும் இல்லை. குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வெறுங்கூடத்தில் வெயில் விழுந்த இடமாகப் பார்த்துப் படுத்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் பகலில் அப்படிப் படுத்ததே இல்லை.

அன்று இரவு அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். பார்ப்பதற்கு டிவி இல்லை. அவளைப் பார்த்தார்.

"செண்பகம், ரசத்துல புதுசா என்ன போட்ட?"

அதே ரசம்தான்.

ஆறாம் நாள் இருவரும் ஏரி வரை நடந்தார்கள். பாதி வழியில் வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம். "உள்ள என்ன இருக்கு?" என்றார் அவர். திரும்பாமல் நடந்தார்கள்.

இப்போது கீழே இறங்கிப் போனார்கள். டிரைவர் ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க."

அவள் லாரியில் அடுக்கியிருந்ததை அண்ணாந்து பார்த்தாள்.

"எதை மொதல்ல மேல ஏத்தட்டும் சார்?"

அவர் டிவி பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"சமையல் சாமான். இவளோட தையல் மெஷின்." யோசித்தார். "மெத்தை."

"அப்புறம்?"

அப்புறம் வேண்டியது எதுவும் அவருக்குத் தோன்றவில்லை.

அவள்தான் கேட்டாள். "அண்ணே, உங்க வீட்ல கட்டில் இருக்கா? எடுத்துக்கோங்க. சும்மாதான்."

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"ஒத்த ரூமும்மா. கட்டிலப் போட்டா நாங்க எங்க படுக்கிறது?"

முதலில் சிரித்தது அவள். அப்புறம் எல்லோரும்.

மதியத்துக்குள் அக்கம்பக்கம் தெரிந்துவிட்டது. சோபா இரண்டாம் மாடிக்குப் போனது. பீரோவை வாட்ச்மேன் மகளுக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். மிஞ்சியதை வழியில் யாருக்காவது கொடுப்பதாகச் சொல்லி டிரைவர் மறுபடி தார்ப்பாய் கட்டினார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அவள் விடவில்லை.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த டிரைவர் நாலு பக்கமும் பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"நல்லாக் காத்து வருதும்மா."

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.