மூன்று விமான தூரம்

"உம்மாவை இன்னைக்கே எடுக்காதீங்க மாமா. அண்ணன் வந்துரட்டும்," என்று கைரா கெஞ்சினாள். காலையில்தான் உம்மாவின் உயிர் பிரிந்திருந்தது.

"இருட்டுறதுக்குள்ள அடக்கம் பண்ணியாகணும்மா. மிலூத் எப்ப வந்து சேருவான்?"

கைரா போனில் மறுபடியும் தேடினாள். ஊஜ்தாவில் ஏறி காசாபிளாங்கா, அங்கிருந்து துனிஸ், துனிஸிலிருந்து ஓரான், அப்புறம் காரில் இங்கே.

"நாளைக்கு மத்தியானம்."

"அவன் என்ன நிலாவுலயா குடியிருக்கான்?" என்று அழுகைக்கு நடுவே மாமி சீறினாள்.

"விமானம் நேரா வந்தாத்தானே மாமி!"

மாமா எழுந்தார். "ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேணாம்னு சொல்லிடு. சாயங்கால அஸர் தொழுததும் தூக்கிடுவோம்."

"பெத்த பிள்ளை உம்மாவுக்குக் கடைசித் தொழுகை தொழ வேணாமா?"

"யாரு வேணாம்னது? கை கால் கழுவி உளூ செஞ்சிட்டு வீட்டுலயே தயாரா இருக்கச் சொல்லு."

கைரா போனில் அண்ணனிடம் சொன்னாள். மிலூத் "சரி" என்றான்.

மாலையில் அவள் பெண்களோடு மொட்டைமாடியில் நின்றாள். அண்ணன் வாழும் நாடும் இந்த நாடும் பகைத்துக்கொண்டு சாலையை மூடி, பிறகு வானத்தையும் மூடியிருந்தன. ஆனால் அங்கே எல்லை என்பது உம்மாவை அடக்கப்போகும் மையவாடியை ஒட்டி ஓடும் ஒரு சிறிய ஓடைதான். இந்தக் கரையில் உம்மாவை இறக்கிவைத்து, ஆண்கள் தொழுகைத் திசையான கிழக்கே பார்த்து வரிசை கட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால், மேற்குக் கரையில், ஒரு வீட்டுக் கதவு திறந்தது. மிலூத் தண்ணீரின் விளிம்புவரை இறங்கி வந்து, கடைசி வரிசையாகத் தனியே நின்று கைகட்டினான்.

மாமா திரும்பிப் பார்த்துவிட்டு, "தொடங்கலாம்" என்றார்.