கொய்யா மரத்து எறும்பு

"மாமா, இந்த மரத்தை மட்டும் வெட்டாதீங்க."

நைட் ஷிப்ட் முடித்து, அப்படியே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் போய்விட்டு வந்த சூசைராஜ், கண்ணெரிச்சலோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மருமகன் நிர்மல் கொல்லைக் கொய்யா மரத்தைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா மாப்ள இப்டி சொல்றீங்க? பேக்டரிக்கு வர்ற பசங்க ரூம் கேட்டு வாசல்ல வந்து நிக்கிறானுங்க. ரூம் கட்ட கடக்கால் போட்ற எடத்துல மரம் கீது. நாளைக்கு வெட்ட ஆள் வர சொல்லிக்கீறேன்."

"இன்னும் கூடு கிடைக்கல மாமா. கூடு கிடைச்சாத்தான் ராணி எறும்பு கிடைக்கும். ராணியைப் பாத்தாத்தான் இது புது இனமா, ஏற்கெனவே பேர் வச்ச இனமான்னு பெங்களூர்ல இருக்கிற எறும்பு நிபுணர்கள் சொல்லுவாங்க."

"வாராவாரம் வந்து தேடிக்கினுதான் கீறீங்க. கெடச்சுதா?"

நிர்மல் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டான்.

அவன் விலங்கியல் விரிவுரையாளன். எறும்பின் இடுப்பில் எத்தனை முடிச்சு, முதுகில் எத்தனை முள் என்று பார்த்து இனம் பிரிப்பதில் சூரன். மனைவியின் முகத்தைப் பார்த்து மட்டும் ஒன்றையும் கண்டுபிடிக்கத் தெரியாது. குன்றத்தூர் வீட்டில் லீலா காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, நுண்ணோக்கியிலிருந்து தலை நிமிராமலே "காபி இருக்கா?" என்று கேட்டவன் அவன். அன்று சாயங்காலமே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரகடத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். போன் போட்டுச் சமாதானம் பேச, இந்த 1991-இல் இரண்டு வீட்டிலும் போன் கிடையாது. இருந்திருந்தாலும் இவன் பேசியிருக்க மாட்டான். அவ்வளவு வெட்கம், அவ்வளவு வீம்பு.

அப்புறம்தான் ஒரு நாள் சூசைராஜ் குன்றத்தூர் வந்து ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தார். "நம்ம வூட்டு கொய்யா மரத்துல ஊர்துன்னு லீலா குடுத்துச்சி. இன்னா எறும்புன்னு கேக்க சொல்லிச்சி" என்றார்.

உள்ளே தேன் நிறத்தில் சில எறும்புகள். லென்ஸில் பார்த்த நிர்மலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதுகு முள் இரண்டும் மாட்டுக் கொம்பு மாதிரி உள்பக்கமாக வளைந்திருந்தன. அவனுக்குத் தெரிந்த எறும்புகளில் இதன் சாதிக்கெல்லாம் முள் நேராகத்தான் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரகடத்துக்கு பஸ் ஏறிவிட்டான்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் அடிமரத்தில் நாலைந்து எறும்பு தட்டுப்படும். வரிசை கட்டாமல், திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு திசையில் ஓடும். காய்ந்த குச்சிக்குள் கூடு வைத்திருக்கும் என்று ஒவ்வொரு குச்சியாக ஒடித்துப் பார்த்துவிட்டான். கூடு மட்டும் அகப்படவில்லை.

நடுவில் லீலா காபி கொண்டுவந்து வைப்பாள். "கெடச்சுதா?" என்பாள். "இல்ல" என்பான். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒற்றைப் பேச்சுக்காகத்தான் பஸ் ஏறுகிறோம் என்பது கொஞ்ச நாளாக அவனுக்கே தெரிந்துவிட்டது. கூடு கிடைத்துவிட்டால் அடுத்த வாரம் என்ன சாக்கு சொல்லிக்கொண்டு வருவது என்று உள்ளூரப் பயம்கூட இருந்தது. இப்போது மரமே போகப்போகிறது.

"எறும்புக்காவவா ரூம் கட்ட வேணாங்கிறீங்க? வேற எதுனா கீதா மாப்ள?" என்று கேட்டார் சூசைராஜ். மருமகன் மறுபடியும் அடிமரத்தில் குனிந்ததும், கொட்டாவி விட்டபடி உள்ளே தூங்கப் போய்விட்டார்.

லீலா காபியோடு வந்தாள்.

"நாளைக்கு மரம் பூடும். இன்னா பண்ணப் போறீங்க?"

"போகட்டும்."

"எறும்பு?"

"அதுவும் போகட்டும்." லென்ஸை மடக்கிப் பைக்குள் போட்டான். "மரம் இல்லன்னா நான் எதைச் சொல்லிக்கிட்டு இங்க வர்றது லீலா? அதுக்குத்தான் மாமாகிட்ட கெஞ்சிக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு உனக்கு உடம்பு கொதிக்கிதுன்னுகூட பாக்காம காபி கேட்டேன் பாரு, தப்பு என்மேலதான். எனக்குக் கூடு வேணாம், நீ வீட்டுக்கு வா."

அவள் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இத சொல்றதுக்கு இத்தினி வாரமா உங்களுக்கு?"

"பயமா இருந்தது."

"நானும் ஒண்ணு சொல்லணும். இந்த மரத்துல நீங்க எவ்ளோ தேடினாலும் கூடு கெடைக்காதுங்க."

"ஏன்?"

"எறும்பு இங்க இருந்தாத்தானே? சனிக்கிழமை புடிச்சாந்து வச்சிருந்து, நீங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் வுடுவேன்."

பிடித்த இடம் தப்பென்றால் அந்த எறும்பைப் பற்றி அவன் சொன்னது எல்லாமே தப்பு. பெங்களூருக்கு அனுப்பிய ஒவ்வொரு எறும்புக்கும் 'ஒரகடம், கொய்யா மரம்' என்றுதான் சீட்டு ஒட்டியிருந்தான். கோபம் வரவேண்டிய இடம்தான். ஏனோ வரவில்லை.

"எங்கேருந்து பிடிச்ச?"

"நம்ம குன்றத்தூர் வூட்டுக் கிணத்தடி கறிவேப்பிலை மரத்துலேருந்துதான்" என்றாள் லீலா. "சனிக்கிழமை நீங்க காலேஜுக்குப் போனப்புறம் வந்து, வூட்டப் பெருக்கி, கொடத்துல தண்ணி ரொப்பி, உங்க சட்டையெல்லாம் தொவச்சு மடிச்சு வச்சிட்டுத்தானே போய்க்கினு இருந்தேன்."