வெட்டி ஆபீசர்

"இருபது கூண்டு எலியிலும் சைபர் சார்," என்றாள் அவள். "ஒரு புழுகூட இல்லை."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்ணினது யாரு?"

"ஜூனியர் ரெண்டு பேர், தனித்தனியா. எது எந்த எலியோட குடல்னு அவங்களுக்குத் தெரியாது. நானும் மனசு கேக்காம ஒரு தடவை பார்த்துட்டேன்."

விஷயம் இதுதான். குடலின் உள்சுவரில் ஓர் ஆர்.என்.ஏ. இருக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் வரும் ஆர்.என்.ஏ. போல இது புரதம் செய்ய உதவுவதில்லை. அதனால் பேராசிரியர் அதற்கு 'வெட்டி ஆபீசர்' என்று பெயர் வைத்திருந்தார். புழு வந்தால் அதை வெளியே தள்ளும்படி குடலுக்கு உத்தரவு போடுவதே அதுதான் என்று மூன்று வருஷமாக, அவருடைய ஆய்வகத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு, அவரோடு மல்லுக்கு நின்றவள் அவள்.

அதை நிரூபிக்க, இருபது கூண்டு எலிகளுக்குப் புழு முட்டையைப் புகட்டினாள். பத்துக் கூண்டில் சாதாரண எலிகள். அவை மூன்றே வாரத்தில் புழுவைத் துரத்திவிடும். மற்ற பத்தில் அந்த ஆர்.என்.ஏ. இல்லாமலே பிறந்த எலிகள். ஆறு வாரம் கழித்தும் அவற்றின் குடலில் புழு இருந்தால் அவள் ஜெயித்தாள். இல்லையென்றால் பேராசிரியர் ஜெயித்தார்.

"ஆபீசர் இல்லாமலே ஆபீஸ் நடக்குது, பாத்தியாம்மா?" அவர் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "திங்கட்கிழமையோட இந்த ப்ராஜெக்டை மூடிடலாம். உன் கான்ட்ராக்டும் அதோட முடியுது. நல்லதா ஒரு சிபாரிசுக் கடிதம் தர்றேன்."

"சரி சார்."

கூண்டுகளை ஒப்படைக்க விலங்குக் கூடத்துக்குப் போனாள். அங்கே முகக்கவசம் கட்டாயம். உள்ளே அழுதுகொள்ள வசதியாக இருந்தது.

எலியம்மா காலிக் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தைப் பராமரிக்க இரண்டு மாதத்துக்கு முன்புதான் வேலைக்கு வந்தவள். எலிகளோடு பேசிக்கொண்டே இருப்பதால் வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"என்ன மேடம், கண்ணெல்லாம் சிவந்திருக்கு? எலிங்க போனதுக்கா அழுறீங்க?"

"இல்லக்கா. அதுங்க வயித்துல புழு இருக்கும்னு நெனச்சேன். ஒண்ணுகூட இல்லை."

"அப்பாடா!" எலியம்மா ஈரக் கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. உங்ககிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு பத்து நாளா தவிச்சிட்டிருந்தேன் மேடம்."

"என்னது?"

"வாராவாரம் எலிப் புழுக்கையை மைக்ரோஸ்கோப்ல பாக்கச் சொல்லியிருக்காங்கல்ல? அன்னிக்குப் பாத்தா, ஏகப்பட்ட புழு முட்டை! எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. வேலைக்கு வந்து ரெண்டு மாசம் ஆகலை, அதுக்குள்ள என் கூண்டுல புழுன்னா சீட்டைக் கிழிச்சுட மாட்டாங்களா? அதான் கமுக்கமா இருபது கூண்டுக்கும் தண்ணியில புழு மருந்தைக் கலந்து விட்டுட்டேன். சுத்தமாப் போயிடுச்சு பாத்தீங்களா?"

கேட்டுக்கொண்டிருந்தவள் தீவன மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்தாள். சோதனை பாழ். மறுபடி செய்யப் பணமும் இல்லை, நாளும் இல்லை. எலியம்மாவைத் திட்டவும் வழியில்லை. கூண்டில் வெறும் எண்தான் ஒட்ட வேண்டும், பராமரிப்பவருக்கு எந்த எலி என்ன எலி, என்ன சோதனை என்று எதுவுமே சொல்லக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவளேதான்.

"எல்லாக் கூண்டுலயும் இருந்துச்சாக்கா?" ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்.

"இல்லையே! கொஞ்சம் கூண்டுலதான். பக்கத்துக் கூண்டைப் பாத்தா ஒரு முட்டைகூடக் கிடையாது. ஆனா ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் மருந்து குடுக்கணுமில்ல? ஆபீஸ் ரிஜிஸ்டர்ல பயந்து எழுதலை. என் சொந்த நோட்டுல தேதி போட்டு, எதெதுல எத்தனை முட்டைன்னு எண்ணி எழுதி வெச்சேன்."

எலியம்மா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, விரலை வைத்துப் படித்தாள். "ஒண்ணு, நாலு, அஞ்சு, எட்டு, ஒம்பது..."

அவள் மெல்ல எழுந்து நின்றாள். "பன்னெண்டு, பதிமூணு, பதினாறு, பதினெட்டு, இருபது. சரியாக்கா?"

எலியம்மா வாயைப் பிளந்தாள். "அட, முட்டையை நீங்களும் பாத்தீங்களா மேடம்?"

அவள் எங்கே பார்த்தாள்? ஆர்.என்.ஏ. இல்லாத எலிகளை அந்தப் பத்துக் கூண்டில் விட்டவள் அவள்.