தலையில்லாத மூதாதை

“தலையோட செத்தவரெல்லாம் ஒரு மூதாதையா, ராவ்ஜி?”

டாக்கூர் ஜோராவர் சிங் மீசையை முறுக்கிக்கொண்டு கேட்டார். எதிரே, அவர் குடும்பத்து வம்சாவளியைப் பரம்பரையாக எழுதிவரும் ராவ்ஜி, ஒன்றரை முழ ஏட்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன பண்றது ஹுக்கும்? உங்க பன்னிரண்டாவது பாட்டன் ஒட்டகங்களுக்குத் தீவனம் அளந்தவரு. வயித்துப்போக்குல போயிட்டாரு. இருக்கறதைத்தானே எழுதியிருக்கு.”

“மெதுவா பேசும்யா! நாளைக்குச் சம்பந்தி வீட்டார் வர்றாங்க. நிச்சயத்துக்கு முன்னாடி சபையில நீர்தான் ஏட்டை வாசிக்கணும். வயித்துப்போக்கையா வாசிப்பீர்?”

சம்பந்தம் லேசுப்பட்டதில்லை. கோட்டை வைத்திருக்கும் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு பெண் படிக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். மகள் சுகன் கன்வர் கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு. “மாட்டுக்கு ஊசி போட்டது போதும், கோட்டையில போய் உட்காரு” என்று ஜோராவர் சிங் முடித்துவிட்டார். அவள் இரண்டு நாள் அழுதாள். பிறகு சமர்த்தாகி, ஒரு வாரமாக மூலையில் உட்கார்ந்து பட்டு நூல் பின்னிக்கொண்டிருந்தாள்.

இப்போது மோர் கொண்டுவந்தவள் அதே சமர்த்தோடு அப்பாவிடம் சொன்னாள். “பாபோசா, கேத்சிஜின்னு ஒரு வீரர் இருந்தாராம். தலை போன பிறகும் முண்டமா நின்னு நாற்பது பேரை வெட்டினாராம். காலேஜ் பஸ்ல போறப்போ அவரோட நடுகல்லைப் பார்த்திருக்கேன்.”

“இவதான்யா என் ரத்தம்! ராவ்ஜி, தீவனக்காரரைத் தூக்கிட்டு அவரைப் போடும்!”

ராவ்ஜி பதறினார். “ஹுக்கும், அதுல ஒரு சிக்கல்...”

“ஒரு ஒட்டகம் தர்றேன்.”

“சிக்கல் என்னன்னா...”

“ரெண்டு ஒட்டகம். வாயை மூடிக்கிட்டு எழுதும்!”

ராவ்ஜி வாயை மூடிக்கொண்டு எழுதினார்.

மறுநாள் சபை கூடியது. ராவ்ஜி தொண்டை கிழிய வாசித்தார். கேத்சிஜியின் தலை உருண்ட இடத்தில் கூட்டமே உச்சுக்கொட்டியது. ஜோராவர் சிங்குக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாப்பிள்ளையான பேரனோடு வந்திருந்த சம்பந்திக் கிழவர் ஹன்வந்த் சிங் கண் கலங்க எழுந்துவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

“கேத்சிஜி வம்சமாப்பா நீ? முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்க மூதாதையும் அவர்தானே! அவர் கல்லு எங்க ஊர் எல்லையிலதான் நிக்குது. நீ எனக்குத் தம்பி மகன்!”

ஜோராவர் சிங் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரே குலத்துக்குள் பெண் கொடுப்பதா? அண்ணன் தங்கை முறையாயிற்றே! ஏடு பொய் என்றால் சபையில் மானம் போகும், மெய் என்றால் சம்பந்தம் போகும். ராவ்ஜியைப் பார்த்தார். அவர் ஏட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“போகட்டும் விடு” என்று கிழவரே தேற்றினார். “என் பேரனுக்குக் கூடப்பிறந்தவ இல்லையேன்னு குறை. இப்ப ஒரு தங்கச்சி கிடைச்சா. படிக்கிற புள்ள, நல்லா படிக்கட்டும். கூப்பிடு அவளை.”

கூப்பிடும் முன்பே சுகன் கன்வர் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். நிச்சயத் தேங்காய் அதில் இல்லை. குங்குமமும் அட்சதையும் இருந்தன, நடுவே அவள் ஒரு வாரமாகப் பின்னி முடித்த பட்டு ராக்கி.