அளக்க வந்த நாளில் வந்த தண்ணீர்

மூன்று மாதமாகக் காற்றை மட்டும் துப்பிய தெருக்குழாய் இன்று பீறிட்டுக் கொட்டுகிறது. பக்கத்து வீட்டு அக்கா குடம், குண்டான், துணி ஊறவைக்கும் வாளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் நிரப்புகிறாள். அடுத்த வீட்டுத் தையல்காரியோ குடத்தை எடுக்காமல் வேலியை நோக்கி நடக்கிறாள். முந்நூறு புது வீடுகள் எழப்போகும் காலிமனையின் வேலியோரம், அந்த வீடுகளுக்குக் குடிநீர் இணைப்பு அனுமதி தரவேண்டிய அதிகாரி குழாயில் அழுத்தமானியை மாட்டிவிட்டு முள்ளைக் குனிந்து பார்க்கிறார். "மத்த தெருவையெல்லாம் அடைச்சுட்டு இங்க விட்டிருக்காங்க சார். நாளைக்கு வந்து அளந்து பாருங்க!" என்கிறாள் தையல்காரி. "முள்ளு காட்டுறதத்தானேம்மா நான் எழுத முடியும்?" தண்ணீர் போதுமானது என்று பேனா எழுதிக்கொண்டே போகிறது. அவர் பின்னால், தெருக்களுக்குத் தண்ணீரைத் திறந்து அடைக்கும் வால்வுச் சாவியோடு, தையல்காரியின் புருஷன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். "ஏண்டி, உன் வீட்டுக்காரர் புண்ணியத்துல தண்ணி கொட்டுது, நீயும் வந்து பிடியேன்!" என்று அக்கா சந்தோஷமாகக் கூப்பிடுகிறாள்.